கொல்லிமலைக்கு ஒருநாள் குடும்பப் பயணம்

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக எழுந்து நிற்பது கொல்லிமலை. ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பும், 1,000 முதல் 1,300 மீட்டர் வரையிலான உயரமும் கொண்டது. ஊட்டியையும் கொடைக்கானலையும் போல வெள்ளைக்காரர்கள் கோடைக்காலத்துக்கென்று கட்டி எழுப்பிய மலைநகரம் இங்கே இல்லை. செம்மேடு என்னும் சிற்றூர்தான் மலையின் மையம். அதைச் சுற்றி வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, அரியூர் நாடு என்று நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் மலையாளி என்னும் பழங்குடி மக்கள் மிளகும் காபியும் பலாவும் வாழையும் விளைவித்து வாழ்கிறார்கள். அவர்களின் தாய்மொழி தமிழ்தான்.

சேலம், நாமக்கல், ராசிபுரம், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களில் உள்ள குடும்பங்கள் விடியலில் கிளம்பி இரவு உணவுக்கு வீடு திரும்பும் தொலைவில் இந்த மலை இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து செம்மேடு 50 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். சேலத்திலிருந்து வருவோர் ராசிபுரம், பேளுக்குறிச்சி வழியாகவும், நாமக்கல்லிலிருந்து வருவோர் சேந்தமங்கலம் வழியாகவும் காளப்பநாயக்கன்பட்டிக்கு வந்து, அங்கிருந்து அடிவாரமான காரவள்ளியை அடைவார்கள். திருச்சிக்காரர்களுக்கு நாமக்கல் வழியே சுற்று சற்று அதிகம். அவர்களும் இருட்டோடு கிளம்பினால் ஒரே நாளில் போய்வரலாம். கோயம்புத்தூரிலிருந்து முடியாது என்றில்லை, ஆனால் குழந்தைகளுக்கு அது வண்டிக்குள்ளேயே கழியும் நாளாகிவிடும். சென்னையிலிருந்து வருவோர் ஒருநாள் பயணம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, ஓர் இரவு தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொள்வதுதான் முறை.

நகரத்துக் குடும்பங்கள் ஒருநாள் உல்லாசம் என்றால் பெரும்பாலும் கேளிக்கைப் பூங்காக்களுக்கே போய்ப் பழகியவை. கலிபோர்னியாவில் 1955-இல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டது முதல் உலகெங்கும் அந்தத் தொழில் ஒரே முறையில் இயங்குகிறது. வருகிறவர் எங்கே நிற்க வேண்டும், எந்த உயரமுள்ள குழந்தை எந்த ராட்டினத்தில் ஏறலாம், கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே, முதலுதவி எங்கே என்பதையெல்லாம் நிறுவனமே முன்கூட்டி யோசித்து வைத்திருக்கும். சீட்டு வாங்கி உள்ளே போனால் போதும். மலையில் இந்த யோசனை முழுவதும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. மதியம் 3 மணிக்கு ஆயிரம் படிக்குக் கீழே ஒரு ஏழு வயதுப் பிள்ளை கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டால், அங்கே கூப்பிட ஆள் கிடையாது. கொல்லிமலைப் பயணத்தில் கசப்போடு திரும்பும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை உணராமல் கிளம்பியவையாகவே இருக்கும்.

ஆகவே திட்டத்தைக் காலையிலிருந்து தொடங்காமல் மாலையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையை வெளிச்சத்திலேயே இறங்கி முடிப்பது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டால், மற்ற நேரங்கள் தாமாகவே அமைந்துவிடும். இந்தப் பகுதியில் நவம்பர் இறுதியில் மாலை 6 மணிக்குச் சற்று முன்பே கதிரவன் மறைந்துவிடும். ஜூலையில் 6.45-ஐ ஒட்டி மறையும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் மலைமேல் அதற்கு முன்பே மூட்டம் போட்டுவிடும். எனவே 5.30 மணிக்குக் காரவள்ளியில் இருக்க வேண்டும். இறங்க ஒன்றேகால் மணி நேரம் என்று கணக்கிட்டால் 4.15-க்கு, மலைமேல் சந்தை கூடும் சோளக்காட்டை விட்டுப் புறப்பட வேண்டும். அதற்கு முன் சந்தையில் அரைமணி, பார்வையிடும் இடம் ஒன்றுக்கு ஒரு மணி, மதிய உணவு, அதற்கும் முன்னால் அருவி. இப்படிப் பின்னோக்கி வந்தால், காலை 9.30-க்கு, அருவிக்குப் படிகள் தொடங்கும் அறப்பளீசுவரர் கோயிலில் இருந்தாக வேண்டும் என்று தெரியும். அதற்குச் சேலத்திலிருந்து காலை 5.30-க்கும், நாமக்கல்லிலிருந்து 6.15-க்கும் வண்டி நகர்ந்திருக்க வேண்டும். எட்டு மணிக்கு நிதானமாகக் கிளம்பும் குடும்பம் மதிய வெயிலில் படியிறங்கி, களைப்போடு ஏறி, எதையும் பார்க்காமல் இருட்டில் வளைவுகளை இறங்கும். இந்த இரண்டரை மணி நேர வேறுபாட்டில்தான் பயணத்தின் சுகமும் துன்பமும் அடங்கியிருக்கின்றன.

அடுத்து முடிவு செய்ய வேண்டியது, யாரெல்லாம் அருவிக்கு இறங்குவது என்பது. ஆகாயகங்கை அருவி ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. அய்யாறு என்னும் ஆறு மலையை விட்டு இறங்கும் வழியில், இருபுறமும் செங்குத்தாக எழுந்த பாறைகளுக்கு நடுவே அது கொட்டுகிறது. நீரின் சாரல் வெகுதூரம் வரை முகத்தில் அடிக்கும். அருகே நிற்பவர் பேசுவது காதில் விழாது. தமிழகத்து அருவிகளில் இவ்வளவு கம்பீரமாக நேரே விழுபவை சிலவே. ஆனால் அதைப் பார்க்க அறப்பளீசுவரர் கோயில் பக்கமிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். ஒரு படி 15 சென்டிமீட்டர் உயரம் என்று கொண்டாலும் ஆயிரம் படி 150 மீட்டர் ஆகிறது. மின்தூக்கி இல்லாத ஐம்பது மாடிக் கட்டடத்தை இறங்கி ஏறுவதற்கு அது சமம். சில இடங்களில் படி வழக்கத்தைவிட உயரமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் முழங்கால் அதைவிடக் கூடுதலாகவே உணரும்.

இறங்கும்போது இந்த உண்மை தெரியாது. குளிர்ந்த காற்று, மரநிழல், கீழிருந்து வரும் அருவியின் இரைச்சல் எல்லாம் சேர்ந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இறங்கி முடிக்க முக்கால் மணி நேரம் போதும். ஏறும்போதுதான் இதயமும் நுரையீரலும் கணக்கைக் கேட்கும். நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கே ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், மூட்டுவலி ஆகியவை உள்ளவர்களும், கருவுற்ற பெண்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் இறங்கவே கூடாது. இதை மேலே படிக்கட்டில் நின்று விவாதிக்காமல், வீட்டிலேயே பேசி முடித்துவிடுவது நல்லது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவது தாய்க்கும் குழந்தைக்கும் வீண் ஆபத்து. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உற்சாகமாக இறங்குவார்கள். ஏறும்போது பாதிவழியில் அவர்களைத் தோளில் சுமக்க ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

குடும்பத்தை இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்வது சிறந்த ஏற்பாடு. இளையவர்களும் நடுவயதினரும் அருவிக்கு இறங்கும்போது, தாத்தா பாட்டியோடு ஒருவர் மேலே தங்கலாம். கோயிலும் அதை ஒட்டி ஓடும் ஆறும் மரநிழலும் அவர்களுக்கு மூன்று மணி நேரத்தை இனிமையாகவே கழிக்க உதவும். யாருக்கும் ஏமாற்றம் இராது. இறங்குபவர்கள் தண்ணீர், ஒரு பொட்டலம் கடலைமிட்டாய் அல்லது பேரீச்சை, மாற்றுடை, துண்டு இவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கையில் ஊசலாடும் பைகள் வேண்டாம். முதுகுப்பைதான் ஏற்றது. குரங்குகள் பையைப் பறிப்பதில் தேர்ந்தவை. உணவுப் பொருள் வெளியே தெரியாமல் இருந்தால் அவை பொதுவாக நெருங்குவதில்லை. வழுக்காத அடிப்பாகம் உள்ள செருப்போ காலணியோ அவசியம். அருவியடியில் பாறைகள் பாசி படிந்து வழுக்கும். நீர் விழும் இடத்துக்கு நேர் கீழே நிற்காமல் ஓரத்தில் குளிப்பதும், பிள்ளைகளின் கையை ஒருகணமும் விடாமலிருப்பதும் மீறக்கூடாத கட்டுப்பாடுகள். குடித்துவிட்டுக் குளிக்க வருபவர்களால் இத்தகைய அருவிகளில் நேரும் விபத்துகள் ஏராளம். அப்படிப்பட்ட கூட்டம் கண்ணில் பட்டால் குடும்பம் தள்ளி நிற்பது மேல்.

இனி மலைப்பாதை. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. எண்ணிக்கொண்டே போவது பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு. பாதை நன்றாக இருக்கிறது. ஆனால் வளைவுகள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக வருவதால் வயிற்றைப் புரட்டும். நாள் முழுவதையும் கெடுத்துவிடக்கூடிய சங்கதி இதுவே.

வாந்தி ஏன் வருகிறது என்று தெரிந்தால் அதைத் தடுப்பது எளிது. காதின் உள்ளே இருக்கும் சமநிலை உறுப்பு, உடல் இடமும் வலமும் திரும்புவதை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண் வண்டிக்குள் உள்ள இருக்கையையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருந்தால், அசைவே இல்லை என்று மூளைக்குச் செய்தி போகிறது. இந்த முரண்பாடுதான் குமட்டலாகிறது. வண்டி ஓட்டுபவருக்கு வாந்தி வராததற்கும் காரணம் இதுவே. அவர் கண் சாலையிலேயே இருக்கிறது, அடுத்த வளைவு வருமுன்பே அவர் உடல் தயாராகிவிடுகிறது. ஆகவே அடிக்கடி வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள பெரியவரை முன் இருக்கையில் உட்கார வைத்துத் தொலைவில் உள்ள மலைமுகட்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிள்ளைகளின் கையிலிருந்து கைப்பேசியைக் காரவள்ளியிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். கண்ணாடியை இறக்கி வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நெய்யில் மிதக்கும் பொங்கலும் வடையும் கூடாது. அடிவாரத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்தி, மீதிப் பசியைச் செம்மேட்டில் தீர்த்துக்கொள்ளலாம். வாந்தித் தடுப்பு மாத்திரை போடுவதானால் ஏறுவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குழந்தைகளுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு ஒருவருக்கு முடியவில்லை என்றால் பத்து வளைவுக்கு ஒருமுறை, அகலமான இடம் பார்த்து, வண்டியை நிறுத்துவதில் தவறில்லை. அந்த நிறுத்தங்களுக்காகவே திட்டத்தில் கால்மணி நேரம் ஒதுக்கி வைப்பது நல்லது.

மலையில் ஓட்டிப் பழகாதவர் இந்தப் பாதையில் முதன்முதலாகக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. சொந்தக் கார் இருந்தாலும், இந்த ஒரு நாளைக்கு மலையனுபவம் உள்ள ஓட்டுநரை அமர்த்திக்கொள்வது வீண்செலவு அல்ல. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. ஏறும் வண்டி நடு ஏற்றத்தில் நின்றுவிட்டால் மீண்டும் நகர்த்துவது கடினம் என்பதே அதன் காரணம். ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்ப வேண்டும். வளைவில் முந்தவே கூடாது. பேருந்தோ லாரியோ எதிரே வந்தால், அது முழு வளைவையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும் என்பதால் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிட வேண்டும். எரிபொருளை மலையேறும் முன்பே சேந்தமங்கலத்திலோ காளப்பநாயக்கன்பட்டியிலோ நிரப்பிக்கொள்வது நல்லது. சக்கரங்களின் காற்றும் பிரேக்கும் முதல்நாளே பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

வண்டி இல்லாத குடும்பங்களுக்கு நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் அரசுப் பேருந்துகள் மலைக்கு ஓடுகின்றன. அகன்ற ஜன்னலோடு, தேர்ந்த ஓட்டுநரின் கையில், குறைந்த செலவில் போய்வருவது தனி மகிழ்ச்சி. ஆனால் மலைமேல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பேருந்து குறைவு. பேருந்தில் வருகிற குடும்பம் கோயில், அருவி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, கடைசிப் பேருந்தின் நேரத்தை ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேராகச் சேர்ந்தால் வேன் எடுப்பது தலைக்குக் கணக்குப் பார்த்தால் கட்டுபடியாகும்.

எந்த மாதத்தில் போவது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். கோடை விடுமுறை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் அதிகம். அப்போது அருவியில் நீர் குறைவு. 1,000 மீட்டர் உயரத்துக்குச் சமவெளியைவிட ஏறத்தாழ 6 டிகிரி வெப்பம் குறையும் என்பதால் காற்று இதமாகவே இருக்கும், ஆனால் ஆயிரம் படி ஏறிய பிறகு அது போதாது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின் டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை அருவியில் நீரும் இருக்கும், வானமும் தெளிவாக இருக்கும். குடும்பத்தோடு போக இதைவிடச் சிறந்த காலம் இல்லை. விடியற்குளிருக்குப் பிள்ளைகளுக்கு ஒரு ஸ்வெட்டரும் காதுகளை மூடத் துணியும் போதும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பெருமழை பெய்தால் ஆற்றில் வெள்ளம் வரும், அருவிக்குச் செல்லத் தடை விதிக்கப்படும், பாதையில் மண் சரியவும் கூடும். முதல்நாள் மாலை வானிலைச் செய்தியையும், அருவி திறந்திருக்கிறதா என்பதையும் விசாரிக்காமல் அந்த மாதங்களில் கிளம்பக் கூடாது.

ஆடி மாதத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஆடி 17, 18 ஆகிய நாள்களில் செம்மேட்டில் அரசு சார்பில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள், ஆடிப்பெருக்குக்காக ஆற்றில் நீராட வரும் பக்தர் கூட்டம் என்று மலை முழுதும் நிரம்பி வழியும். விழாவைப் பார்ப்பதற்கென்றே போவதானால் அது நல்ல நாள். அருவியில் குளித்து அமைதியாக ஒரு நாள் இருந்துவிட்டு வர நினைப்பவர்கள் அந்த இரு நாள்களையும் தவிர்க்க வேண்டும். வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தவர்களுக்கு மலை முற்றிலும் வேறு முகத்தைக் காட்டும்.

பிள்ளைகளை இங்கே அழைத்து வருவதில் அருவியைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. தமிழ்ப் பாடநூலில் கடையெழு வள்ளல்கள் என்று மனப்பாடம் செய்யும் வரிசையில் வரும் வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் குதிரைமேல் அமர்ந்த அவன் சிலை நிற்கிறது. வன்பரணர் என்னும் புலவர் அவனைப் பாடிய பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. ஓரி எய்த ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயில் புகுந்து, மானையும் பன்றியையும் உருட்டி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று அந்தப் பாட்டு வியக்கிறது. எந்தப் பிள்ளையும் வாய்பிளந்து கேட்கும் கதை அது. அவனை முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்று கொல்லியைச் சேரருக்குக் கொடுத்தான் என்று அகநானூறு சொல்கிறது. இந்த மலைமேல் இருந்த கொல்லிப்பாவை என்னும் தெய்வ உருவத்தைக் குறுந்தொகையும் நற்றிணையும் பாடுகின்றன. மக்கள் இன்று இந்த மலையில் கோயில் கொண்ட எட்டுக்கை அம்மனையே கொல்லிப்பாவையாகக் கும்பிடுகிறார்கள். வண்டி காரவள்ளியில் ஏறத் தொடங்கும்போது ஓரி கதையைத் தொடங்கினால், பாதி வளைவுகள் போவது பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டாயிரம் ஆண்டுப் பழமையை இத்தனை எளிதாகக் கண்முன் காட்டும் மலை தமிழகத்தில் அரிது. ராட்டினம் சுற்றும் பூங்கா எதனாலும் இதைத் தர முடியாது.

அறப்பளீசுவரர் கோயில் பெரியகோவிலூரில், செம்மேட்டுக்கும் அப்பால் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகள் கொண்ட பழைய கோயில். தேவாரத்தில் பெயர் இடம்பெற்ற வைப்புத் தலங்களில் ஒன்று. அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் இந்த இறைவனை விளித்துப் பாடப்பட்ட நூல். இங்கே ஆற்றில் உள்ள மீன்களைப் பிடிப்பதில்லை. சமைப்பதற்காக அறுக்கப்பட்ட மீன்கள் இறைவன் அருளால் மீண்டும் பொருந்தி உயிர்பெற்று நீரில் ஓடின என்பது தலக்கதை. மீன்களுக்குப் பொரி போடுவதை வயதானவர்களும் பிள்ளைகளும் ஒன்றுபோல விரும்புவார்கள்.

அருவியும் கோயிலும் முடிந்து மதியச் சாப்பாடும் ஆன பிறகு, கையில் மீதி இருப்பது ஒன்றரை மணி நேரம். இதற்குள் படகு இல்லம், தாவரவியல் பூங்கா, காட்சிமுனைகள், எட்டுக்கை அம்மன், மாசி பெரியண்ணசாமி கோயில் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட வேண்டும் என்று ஓடுவதுதான் பயணத்தைக் கெடுக்கும் இன்னொரு தவறு. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் வாசலூர்பட்டி படகு இல்லமும் அதன் பக்கத்துப் பூங்காவும். பெரியவர்கள் மட்டும் என்றால் சீக்குப்பாறைக் காட்சிமுனை, அங்கிருந்து கீழே சமவெளி வரைபடம்போல விரிந்து கிடக்கும். மாசி பெரியண்ணசாமி கோயிலுக்கு மேட்டில் நடக்க வேண்டும், ஆகாயகங்கைக்கு இறங்கி ஏறிய கால்கள் அதற்கு இடம் கொடுக்காது. கோரக்கர் குகை போன்ற காட்டு நடைகளைக் குடும்பத்தோடு ஒருநாளில் எண்ணவே கூடாது.

ஆகாயகங்கை மூடப்பட்டிருந்தாலும், குடும்பத்தில் எல்லாருமே படியிறங்க முடியாதவர்கள் என்றாலும் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. மாசிலா அருவியும் நம்ம அருவியும் சிறியவை. அவற்றுக்கு அவ்வளவு படிகள் கிடையாது, குழந்தைகள் நின்று குளிக்க ஏற்றவை. முதியவர்களோடு போகும் குடும்பம் தொடக்கத்திலேயே மாசிலா அருவியைத் தன் அருவியாகக் கொள்வது புத்திசாலித்தனம். ஆகாயகங்கையைப் பார்க்காமல் கொல்லிமலை முழுமையாகாது என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதற்காக ஒரு பாட்டியின் முழங்காலைப் பணயம் வைக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, செம்மேட்டிலும் கோயில் பக்கத்திலும் சிறிய உணவகங்கள் இருக்கின்றன. பெரிய கூட்டமாக வருகிறவர்கள் போகும்போதே மதியத்துக்கு இத்தனை பேர் என்று சொல்லி வைத்துவிட்டுப் போனால் காத்திருக்க வேண்டியதில்லை. கட்டுச்சோறு கொண்டுவருவதானால் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கெடாமல் இருக்கும். தயிர்ச் சாதம் மதிய வெயிலில் வண்டிக்குள் புளித்துவிடும். மலையில் தவறவிடக் கூடாதது முடவாட்டுக்கால் கிழங்கு சூப். ஆட்டுக்கால்போலவே ரோமம் படர்ந்து தோன்றும் இந்தக் கிழங்கு, பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணி வகையின் வேர்த்தண்டு. தோலைச் சீவி, மிளகு சீரகம் தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்துச் சுடச்சுடக் கொடுப்பார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது மலைமக்கள் நம்பிக்கை. படியேறி வந்த களைப்புக்கு அது இதமாக இருக்கும் என்பதில் ஐயமில்லை.

திரும்பும் வழியில் சோளக்காடு சந்தை. பலா, அன்னாசி, மலைவாழை, கொய்யா, மிளகு, காபிக் கொட்டை, தேன் என்று பருவத்துக்கு ஏற்றபடி கிடைக்கும். சாமை, தினை, கேழ்வரகு போன்ற சிறுதானியங்களை இந்த மலை நெடுங்காலமாகப் பயிரிட்டு வந்தது. சேலம், நாமக்கல் பகுதி ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியபோது சிறுதானியம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்குள்ள பெண்களோடு சேர்ந்து அவற்றை மீட்கப் பாடுபட்டது. விளைவித்தவர் கையிலிருந்தே இரண்டு கிலோ சாமையும் கால் கிலோ மிளகும் வாங்குவது, மலைக்குச் சுற்றுலாவால் கிடைக்கும் நேர்மையான வருமானம். அங்கே நகரத்துப் பெருங்கடையில் பேசாத பேரத்தைப் பேசாமல் இருப்பது நல்லது. பலாப்பழத்தை முழுசாக வாங்கி வண்டிக்குள் வைத்தால் அதன் மணம் வளைவுகளில் சிலருக்குக் குமட்டலைக் கூட்டும். அதைப் பின்பெட்டியில் ஏற்றிவிட வேண்டும்.

மலைமேல் கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் அறுந்துவிடும். ஆகவே கைப்பேசியில் பணம் செலுத்துவதை நம்பாமல் சில்லறையோடு ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். குழு பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று வாயால் பேசி முடித்துவிட வேண்டும். வழக்கமான மாத்திரைகள், காயத்துக்கு மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை வண்டியில் இருக்கட்டும். அவசரத்துக்குச் செம்மேட்டில் அரசு மருத்துவமனை உண்டு. பெரிய சிகிச்சைக்கு நாமக்கல்லுக்குத்தான் இறங்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. சோதனைச் சாவடிக்காரர் பிடிப்பார் என்பதற்காக மட்டும் அதை மதிக்க வேண்டாம். மலையில் எறிந்த உறை மழையோடு அய்யாற்றில் இறங்கி, அடிவாரத்தில் புளியஞ்சோலையில் குளிக்கும் பிள்ளைகளின் காலில் வந்து சுற்றும். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் தண்ணீர்க் கூஜாவும் வீட்டிலிருந்தே வரட்டும். குப்பையைப் பையில் கட்டி வீட்டுக்கே எடுத்துப்போக வேண்டும்.

இறங்குவதில் ஏறுவதைவிட ஆபத்து அதிகம். பிரேக்கையே நம்பி எழுபது வளைவும் இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். கியரை நியூட்ரலில் போட்டு எரிபொருள் மிச்சம் பிடிப்பது உயிரோடு விளையாடுவது. ஓட்டுநர் மதியம் நன்றாகச் சாப்பிட்டு, அருவிக்கு இறங்காமல் ஒரு மணி நேரமாவது தூங்கியிருக்க வேண்டும். நாள் முழுதும் சுற்றிவிட்டு அவரே ஓட்டவும் வேண்டும் என்றால், அந்தக் குடும்பம் சோளக்காட்டில் இன்னும் அரைமணி அவருக்கு ஓய்வு கொடுத்து, மற்ற ஓரிடத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பார்க்காமல் விட்ட இடம் எங்கும் போய்விடாது. வெளிச்சம் இருக்கும்போதே காரவள்ளியைத் தாண்டிவிட்ட குடும்பத்தின் திட்டம் சரியாக அமைந்தது என்று கொள்ளலாம்.